வாடகைக்கு விட்ட வீடு: சாவி கை மாறினாலும் பொறுப்பு மாறாது

(நாக்பூர் கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ரிடையர் ஆனவர்களுக்குப் பிரயோஜனமாக ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆன்மிகம் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த ஹாலிலேயே பலர் இருக்கிறார்கள். ஆகவே நான் லௌகிக விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டைப் பற்றியது.

நம்மில் பலருடைய கதை ஏறக்குறைய ஒன்றுதான். உத்தியோகம் ஊர் ஊராக அழைத்துச் சென்றது. கடைசியில் ஓர் ஊரில் நிலைத்தோம். இதற்கிடையே சென்னையிலோ, பெங்களூரிலோ, புனேயிலோ ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டோம். பிள்ளை அங்கே வந்து இருப்பான் என்று நினைத்தோம். பிள்ளை அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கிறான். ஃபிளாட்டில் வாடகைக்கு யாரோ இருக்கிறார்கள். தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் பலருக்குச் சொல்லும்படியான பென்ஷன் கிடையாது. அந்த வாடகைதான் பென்ஷன்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆள் வைக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? எந்த ஊர், எத்தனை பேர், என்ன உத்தியோகம், முக்கியமாக, சாப்பாடு சைவம்தானா? இதற்கே அரை மணி நேரம் போய்விடுகிறது. பாத்ரூம் ஹீட்டருக்கு எர்த் இணைப்பு இருக்கிறதா, பால்கனி சிமென்ட் உதிர்கிறதா, வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள ஐந்து நிமிஷம் ஒதுக்குவதில்லை. சாவியைக் கொடுத்து, டெபாசிட்டை வாங்கிக்கொண்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அது முடிவதில்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது?

குத்தகை, வாடகை விவகாரங்களுக்கு அடிப்படை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108-வது பிரிவு வீட்டுக்காரர், குடித்தனக்காரர் இருவருடைய கடமைகளையும் வரிசையாகச் சொல்கிறது. முதல் கடமையே வீட்டுக்காரருக்குத்தான். வீட்டில் முக்கியமான குறை ஏதாவது இருந்து, அது உங்களுக்குத் தெரிந்து, வருகிறவரால் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை நீங்கள் சொல்லியாக வேண்டும். புதுப் பெயின்ட் அடித்து மறைத்துவிடக் கூடாது.

"நான் வாடகை ஒப்பந்தமே போடவில்லை, லீவ் அண்ட் லைசென்ஸ்தான்" என்று இங்கே மகாராஷ்டிரத்தில் பலர் சொல்வார்கள். லைசென்ஸ் விஷயத்தைச் சொல்வது இந்திய வசதியுரிமைச் சட்டம். அதுவும் அதே 1882-ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆபத்தான குறையைத் தெரிவிக்க வேண்டும் என்று 57-வது பிரிவும், இடத்தை ஆபத்தானதாக ஆக்கக் கூடாது என்று 58-வது பிரிவும் சொல்கின்றன. எந்தப் பெயரில் பத்திரம் எழுதினாலும் இந்தக் கடமை தப்பாது.

பழுது பார்ப்பது யார் பொறுப்பு? 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. குடித்தனக்காரர் 15 நாள் நோட்டீஸ் கொடுத்தும் செய்யாவிட்டால், அவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்தில் கழிப்பது அந்த வருஷ வாடகையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது.

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இதை இன்னும் தெளிவாகப் பிரிக்கிறது. கட்டட அமைப்பு ரீதியான பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றுவது, மின்சார வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக் பாயின்ட், உடைந்த ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடித்தனக்காரர் பொறுப்பு. இது மாதிரிச் சட்டம்தான். மாநிலம் தனியே சட்டம் இயற்றினால்தான் அங்கே செல்லும். தமிழ்நாட்டுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. ஆகவே வீடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். நாம் குடியிருக்கும் ஊரின் சட்டம் அங்கே உதவாது.

சட்டப் புத்தகத்தில் இருப்பதோடு நிற்கவில்லை. டெல்லி சாந்தனி சௌக்கில் மாநகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு இடிந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் 1966-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடத்துக்கு வயது சுமார் 80. அந்த மாதிரிச் சுண்ணாம்புக் கலவைக்கு ஆயுள் 40, 45 வருஷம்தான் என்று சாட்சியம் வந்தது. "எங்களுக்கு அந்தக் குறை தெரியாது" என்ற வாதம் எடுபடவில்லை. தெருவை ஒட்டி இருக்கும் கட்டடத்தைச் சோதித்துப் பார்த்துப் பராமரிப்பது சொந்தக்காரர் கடமை, கண்ணுக்குத் தெரியாத குறைக்கும் அவர் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. கிராமத்தில் தாத்தா காலத்து வீட்டைப் பூட்டியோ வாடகைக்கு விட்டோ வைத்திருப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடிச் சுவர் தெருவில் போகிறவர் மேல் விழுந்தால், வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பது இரண்டாவது கேள்விதான்.

காகிதத்தில் இருக்க வேண்டியவை

பதினொரு மாத அக்ரிமென்ட் ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவைத் தவிர்க்கப் பதினொரு மாதம். ஆனால் மகாராஷ்டிரத்தில் இந்த உபாயம் செல்லாது. இங்கே 55-வது பிரிவின்படி எத்தனை மாதமானாலும் எழுத்து மூலம் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும், அந்தப் பொறுப்பும் வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால், தகராறு வரும்போது நிபந்தனைகள் பற்றிக் குடித்தனக்காரர் சொல்வதே, வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, ஏற்கப்படும். அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும்கூட உண்டு.

குடியிருப்பவர் விவரத்தைப் போலீஸில் கொடுப்பதும் அப்படித்தான். பல நகரங்களில் போலீஸ் கமிஷனர் இதற்குத் தனி உத்தரவு போடுகிறார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவு. "நல்ல குடும்பம், நமக்குத் தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள்" என்பதெல்லாம் அங்கே பதில் ஆகாது.

அக்ரிமென்டோடு ஒரு பட்டியலையும் சேருங்கள். எத்தனை மின்விசிறி, ஹீட்டர் எந்தக் கம்பெனி, எந்த வருஷம் வாங்கியது, சுவர் எப்படி இருக்கிறது என்று எழுதி, போட்டோ எடுத்து, இருவரும் கையெழுத்திடுங்கள். காலி செய்யும்போது சண்டை வராமல் இருக்க இது உதவும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வந்தால் இந்தப் பட்டியல்தான் முதல் சாட்சி.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள்

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். மீட்டர் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. என்ற சுவிட்ச் வயரைக் காப்பாற்றுகிறது, மனிதனைக் காப்பாற்றுவதில்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது விழும். மனித இதயத்துக்கு ஆபத்து வர சில பத்து மில்லி ஆம்பியரே போதும். அதற்காக உள்ளது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் இது இருக்காது. "அங்கிள், குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது" என்று குடியிருப்பவர் போன் செய்தால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். அன்றே எலெக்ட்ரீஷியனை அனுப்புங்கள்.

இரண்டாவது, பாத்ரூமுக்குள் மாட்டும் கேஸ் கீஸர். காற்றோட்டம் இல்லாத இடத்தில் கேஸ் முழுதாக எரியாது; கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து திரும்பி வராத செய்திகளைக் குளிர்காலத்தில் பத்திரிகைகளில் படிக்கிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் கழற்றிவிடுங்கள், அல்லது பாத்ரூமுக்கு வெளியே திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். எந்த இன்ஷூரன்ஸும் போன உயிரைத் திருப்பித் தராது.

இன்ஷூரன்ஸ்: எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

"மூன்று மாத டெபாசிட் வாங்கியிருக்கிறேனே" என்று சிலர் சொல்வார்கள். டெபாசிட் வாடகைப் பாக்கிக்கும் உடைந்த வாஷ்பேசினுக்கும் சரி. தீப்பிடித்துச் சமையலறை எரிந்தால் அது எந்த மூலைக்கு?

"பாங்க் லோனோடு இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள்" என்பது அடுத்த பதில். அந்தப் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். சில சமயம் அது உங்கள் உயிருக்கான பாலிசி. நீங்கள் இல்லாவிட்டால் கடன் அடையும், அவ்வளவுதான். வீட்டுக்கான பாலிசியாகவே இருந்தாலும், கடன் முடிந்ததோடு அதுவும் முடிந்திருக்கலாம். சொசைட்டி எடுத்த பாலிசி என்றால், அது பொது இடங்களுக்கு மட்டுமா, உங்கள் ஃபிளாட்டின் உட்புறத்துக்கும் சேர்த்தா என்று செயலாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுவான வீட்டுப் பாலிசி வந்திருக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி வெடித்து வழிவது போன்றவை அதில் அடங்கும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத் அடுக்குமாடிகள் விழுந்ததையும், 2005 ஜூலை 26 மும்பையில் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியதையும், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தையும் நம் உறுப்பினர்களில் பலர் நேரில் பார்த்தவர்கள். "நமக்கெல்லாம் எங்கே வரப்போகிறது" என்று சொல்ல நமக்கு இடமில்லை.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? இங்கேதான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். ஃபிளாட்டின் விலை ஒரு கோடி என்றால் ஒரு கோடிக்கு எடுக்க வேண்டாம். அந்த விலையில் பெரும்பகுதி நிலத்தின் மதிப்பு, நிலம் எரியாது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. உதாரணமாக, கார்பெட் ஏரியா 900 சதுர அடி, கட்டும் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 22 லட்சத்து 50 ஆயிரம். வீட்டிலுள்ள உங்கள் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது நாலரை லட்சம், தானாகவே சேரும். இதற்கு உச்சவரம்பு 10 லட்சம். பிரீமியம் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைவிடக் குறைவாகவே இருக்கும்.

பழைய மாதிரிப் பாலிசிகளில் ஒரு சங்கடம் இருந்தது. 20 லட்சம் பெறுமான கட்டடத்தை 10 லட்சத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்திருந்தால், 2 லட்சம் நஷ்டம் வந்தாலும் பாதியைத்தான், அதாவது ஒரு லட்சத்தைத்தான் கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்தக் கழிவை நீக்கிவிட்டார்கள்.

வாடகையை நம்பி இருப்பவர்களுக்கு மிக முக்கியமானது வாடகை இழப்புக்கான ஈடு. பெரு வெள்ளத்திலோ தீயிலோ வீட்டின் முக்கிய பாகம் அழிந்து நிரந்தரமாகக் குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், 108-வது பிரிவின்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளக் குடித்தனக்காரருக்கு உரிமை உண்டு. அவர் போய்விடுவார், உங்கள் வருமானமும் போய்விடும். இன்ஷூர் செய்த ஆபத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால், சரி செய்ய நியாயமாக ஆகும் காலத்துக்கு அந்த வாடகையை இந்தப் பாலிசி தருகிறது. பாலிசி எடுக்கும்போதே வாடகை அக்ரிமென்டைப் பத்திரமாக வையுங்கள். வாடகை எவ்வளவு என்பதற்கு அதுதான் ஆதாரம். கையில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு காகிதமே இல்லாதவர்கள் எதைக் காட்டுவார்கள்?

இனி, எதற்கெல்லாம் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1. நாள்பட்ட கசிவு, தேய்மானம், உதிரும் பூச்சு இவற்றுக்குக் கிடையாது. பராமரிப்பு நம் வேலை.

2. குடியிருப்பவரின் சாமான்களுக்கு உங்கள் பாலிசி பொறுப்பல்ல. அவருடைய டி.வி., துணிமணி எரிந்தால் அவர்தான் தாங்க வேண்டும். சாமான்களுக்கு மட்டும் அவரே தனியாகப் பாலிசி எடுக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லி, அக்ரிமென்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

3. மூன்றாம் மனிதருக்கு ஏற்படும் காயம், கீழ் வீட்டுக்காரருக்கு ஆகும் சேதம் இவற்றுக்கு வேறு பாதுகாப்பு வேண்டும். ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜ் பாலிசியில் "பப்ளிக் லயபிலிட்டி" என்று ஒரு பகுதி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

4. வாடகைக்கு விட்டிருப்பதை மறைக்காதீர்கள். குடியிருப்பவர் அங்கே டியூஷன் சென்டரோ, கேட்டரிங்கோ நடத்த ஆரம்பித்தால் அதையும் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். தீ இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் நெடுங்காலமாக உள்ள நிபந்தனை, 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் பாதுகாப்பு நின்றுபோகும் என்பது. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரத் தாமதமானால், அல்லது பிள்ளையிடம் ஆறு மாதம் போய் இருந்தால், உங்கள் பாலிசியில் இதுபற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, கம்பெனிக்கு முன்னதாகவே எழுதிவிடுங்கள்.

5. சமையல் கேஸ் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் பாலிசி உண்டு. ஆனால் அது பதிவு செய்த வாடிக்கையாளருக்கு, பதிவு செய்த விலாசத்தில். உங்கள் பழைய கனெக்ஷனைக் குடியிருப்பவர் உபயோகிக்கும் ஏற்பாடு வேண்டாம். அவர் பெயரிலேயே, அந்த விலாசத்திலேயே கனெக்ஷன் இருக்கட்டும்.

6. காலமான தகப்பனார் பெயரிலேயே வீடு இருந்து, பாலிசியும் அப்படியே புதுப்பிக்கப்பட்டு வந்தால், கிளெய்ம் நேரத்தில் அலைய வேண்டியிருக்கும். பெயர் மாற்றத்தை இப்போதே செய்யுங்கள். தம்பதி கூட்டாக வாங்கியிருந்தால் இருவர் பெயரும் பாலிசியில் இருக்கட்டும்.

கிளெய்ம் வந்தால்

உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். தீ என்றால் தீயணைப்பு நிலைய அறிக்கை, திருட்டு, கலவரம் என்றால் எஃப்.ஐ.ஆர்., எல்லாவற்றுக்கும் போட்டோ. சர்வேயர் வந்து பார்க்கும் முன் எரிந்த பொருட்களை அப்புறப்படுத்தாதீர்கள். மேற்கொண்டு சேதம் ஆகாமல் தடுப்பதை மட்டும் செய்யுங்கள். நியாயமான கிளெய்மை நிராகரித்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். 2023 முதல் அவர் 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. உத்தியோகத்தில் எத்தனையோ நோட் எழுதியவர்கள் நாம். நமக்காக ஒரு மனு எழுத முடியாதா?

வருமான வரி பற்றி ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். வாடகை வருமானத்தில், கட்டிய முனிசிபல் வரி போக, மீதியில் 30 சதவீதம் செலவுக்காக என்று கழித்துக்கொள்ளலாம். ரிப்பேர், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். பிரீமியத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆனால் நீங்கள் ஒரு பைசா செலவு செய்யாவிட்டாலும் அந்த 30 சதவீதம் உண்டு. சர்க்கார் பராமரிப்புக்கென்று கொடுக்கும் சலுகை அது. அதில் ஒரு பகுதியையாவது வீட்டுக்குச் செலவழிப்பது நியாயம்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. நமக்குப் பல ஊர்களில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நாக்பூரில் இருப்பவருக்குச் சென்னையில் வீடு, சென்னையில் இருப்பவருக்குப் புனேயில் வீடு. எண்பது வயதில் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவர எல்லோராலும் முடியாது. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று பேர் முன்வந்து, வெளியூர் உறுப்பினரின் வீட்டை வருஷத்துக்கு ஒரு தடவை, குடியிருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பார்த்து ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம். வயரிங், குழாய், பால்கனி, கீஸர் என்று நாலு வரி போதும். தெரிந்த எலெக்ட்ரீஷியன், பிளம்பர் நம்பர்களையும் கிளையில் வைத்துக்கொள்ளலாம். நிர்வாகக் குழு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாக்பூருக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

நம் வீட்டில் குடியிருப்பவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளை. நம் பிள்ளைகளும் எங்கேயோ யார் வீட்டிலோ வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அப்படி நாம் இருந்தால் போதும்.